பாடத் தெரிகிறது, பேசத் தெரியவில்லை: தைவான் நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி. தைனான்

கிராதோன் சூறாவளி காவோசியுங் அருகே கரையைக் கடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. தைனானில் கடைப் பலகைகள் ஒரு பக்கமாகத் தொங்குகின்றன. ஒடிந்த கிளைகளை நடைபாதையோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். மழை விட்டுவிட்டது, புழுக்கம் விடவில்லை. சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தண்ணீர் தேறும்.

காலையில் பால்கெண்டைக் கஞ்சி. மீனின் வயிற்றுத் துண்டு முழுசாக மேலே கிடந்தது. 150 தைவான் டாலர், எங்கள் பணத்தில் இருபது ரிங்கிட். இன்று புரட்டாசிச் சனிக்கிழமை என்று மனைவி வாய் திறந்து சொல்லவில்லை. என் கிண்ணத்தை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு இந்த ஊரில் சாப்பாட்டுக் கவலையே இல்லை. எங்கே திரும்பினாலும் பௌத்தச் சைவ உணவகம். வேண்டியதைத் தட்டில் எடுத்து, எடை போட்டு, காசு கொடுத்தால் முடிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "கீரைக்குக்கூடச் சர்க்கரை போட்டிருக்கிறார்கள்" என்று குறைப்பட்டாள். தைனான் சமையலின் இனிப்பு தைவான் முழுவதும் பேர் போனது.

கஞ்சிக் கடைக்காரர் என் ஹொக்கியனைக் கேட்டு அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். தைவானிலும் பினாங்கிலும் சீனர்கள் பேசும் மொழி அது; எனக்குப் பினாங்குச் சந்தையில் மீன் வாங்கி வாங்கிப் படிந்தது. என்னுடையது பாதி மலாய் கலந்தது. தமிழ் முகத்திலிருந்து அது வருவதை அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, என்னை மறுபடி பேசச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது கிண்ணம் சூப்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற்பகல் ஆன்பிங் கோட்டை. நுழைவுக் கட்டணம் 70 டாலர். 1624இல் டச்சுக்காரர்கள் கட்டத் தொடங்கிய சீலாந்தியா கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஆலமர வேர் பின்னிய ஒரு சுவர்த் துண்டுதான். மற்றதெல்லாம் பின்னால் கட்டியவை. நகரம் முழுக்க '400 ஆண்டு' கொண்டாட்டப் பதாகைகள். டச்சுக்காரன் வந்து இறங்கிய நாளிலிருந்து ஊருக்கு வயது எண்ணுகிறார்கள். பினாங்குக்காரனான நான் இதைக் கேலி செய்ய முடியாது. எங்கள் ஊரையும் 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து கண்டுபிடித்ததாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

கோட்டையைப் பார்க்க நான் வரவில்லை. பள்ளியில் கட்டாயப் பாடமாகப் படித்த மலாயின் பூர்வீகம் இந்தத் தீவு என்று மொழியியலாளர்கள் சொல்வது வெகு நாளாக மனத்தில் கிடந்தது. மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் ஆயிரத்து இருநூறு மொழிகளுக்கு மேல் உண்டு. 1999இல் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் அந்தக் குடும்பத்தைப் பத்துக் கிளைகளாகப் பிரித்தார். அவற்றில் ஒன்பது தைவானுக்குள்ளேயே இருக்கின்றன. மலாய், ஜாவானியம், தகலோக், மாவோரி, ஹவாய் எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள ஒரே கிளை. அந்த ஒன்பது கிளைகளின் சொந்தக்காரர்கள் இன்று இரண்டு கோடியே முப்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர். அவர்களிலும் மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

அக்டோபர் 6, ஞாயிறு. தைனான், பிறகு டோங்ஷான்

தைவான் வரலாற்று அருங்காட்சியகத்தில் காலை முழுவதும் போயிற்று. வெயிலுக்குப் பயந்து உள்ளே போனவர்களே அதிகம். குழந்தைகள் பழைய ரயில் பெட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தேடிப் போனது சின்கான் பத்திரங்களை.

கதை இது. தைனான் சமவெளியின் சிராயா மக்களுக்கு எழுத்து இருந்ததில்லை. 1627இல் வந்த பாதிரியார் கண்டிடியுஸும் அவருக்குப் பின் யூனியுஸும் அவர்கள் மொழியைக் கற்று, ரோமன் எழுத்தில் எழுதினார்கள்; 1636இல் சின்கான் கிராமத்தில் பள்ளி திறந்தார்கள். பின்னால் வந்த பாதிரியார் கிராவியுஸ் மத்தேயு நற்செய்தியைச் சிராயாவில் மொழிபெயர்த்து 1661இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். அதே ஆண்டு சீனத் தளபதி கோக்சிங்கா கோட்டையை முற்றுகையிட, 1662 பிப்ரவரியில் டச்சுக்காரர்கள் சரணடைந்து கப்பலேறிவிட்டார்கள்.

எழுத்து போகவில்லை. சிராயா மக்கள் அதன் பிறகும் நூற்றைம்பது ஆண்டு ரோமன் எழுத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்ன பத்திரம்? நில அடமானம், குத்தகை, விற்பனை. பல தாள்களில் ஒரு பாதி சிராயா, மறுபாதி சீனம். கடைசியாகக் கிடைப்பவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. வேதம் படிக்கக் கற்ற எழுத்தைக் கொண்டு நிலத்தைக் கைமாற்றியிருக்கிறார்கள். கடைசிக் காணியும் போனபோது பத்திரமும் நின்றுவிட்டது. இந்த மொழியின் வரலாற்றை எழுத வேறு நூல் வேண்டாம், இந்தத் தாள்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் போதும் என்று தோன்றியது.

பேசும் மொழியாகச் சிராயா அதே நூற்றாண்டோடு ஓய்ந்தது. அந்த மத்தேயு நற்செய்திதான் இப்போது அதை மீட்க முயல்பவர்களுக்கு அகராதி. எட்கர் மக்காபிலி என்கிற பிலிப்பைன்ஸ்காரர், விசாயா மொழி பேசுபவர், இசை கற்றவர், சிராயாப் பெண்ணான உமா தலவானை மணந்து இங்கே வந்தார். அந்த நற்செய்தியைப் புரட்டியபோது பல சொற்கள் அவருக்குத் தம் ஊர்ப் பேச்சாகக் கேட்டிருக்கின்றன. உட்கார்ந்து சொற்களைத் திரட்டி 2008இல் சிராயாச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டார். ஒரு மருமகன் மாமியார் வீட்டுக்குச் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியதை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்று சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் நான்காம் நாள். டோங்ஷான் அருகே ஜிபெய்ஷுவா கிராமத்தில் சிராயா இரவு விழா. வழியில் மதௌவில் இறங்கி அரிசிக் கிண்ணப் புட்டு சாப்பிட்டேன், 40 டாலர். உள்ளே பன்றி இறைச்சி இருந்ததால் மனைவிக்குப் பொமலோ பழம் மட்டும். டோங்ஷானில் வாத்துத் தலையை இனிப்புச் சாற்றில் வேகவைத்து அடுக்கி விற்கிறார்கள். "இந்த ஊரைச் சீக்கிரம் கடந்துவிடலாம்" என்றாள்.

கிராமத்தில் அவளுக்கு இன்னும் பெரிய சோதனை காத்திருந்தது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்த பன்றிகளை முழு உடலாகத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அவள் விலகி வேலியோரம் நின்றாள். ஆனால் தெய்வக் குடிசைக்குள் எட்டிப் பார்த்தவள் தானே உள்ளே வந்துவிட்டாள். ஆலிட் எனப்படும் மூதாதைத் தெய்வத்துக்கு உருவச் சிலை இல்லை. தண்ணீர் நிரம்பிய ஜாடிகள், வாயில் இலைக் கொத்து, முன்னால் பாக்கும் அரிசி மதுவும். "கும்பம் வைத்திருக்கிறார்கள்" என்று கைகூப்பினாள். எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு வைத்த கும்பம் இப்போது மாமியார் பொறுப்பில் இருக்கிறது.

நள்ளிரவை நெருங்கும்போது வெள்ளை உடுத்த பெண்கள் தலையில் வாடாமல்லியும் கோழிக்கொண்டைப் பூவும் சூடி வந்தார்கள். கைகளைக் குறுக்காகக் கோத்து வட்டமாக நின்று, மெல்ல அடி வைத்துப் பாடினார்கள். மேளம் இல்லை, எந்த வாத்தியமும் இல்லை. பெண்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வயது. வட்டம் கலைந்ததும் அதே பெண்கள் பள்ளி மொழியான மாண்டரினில் கைப்பேசிச் சார்ஜரைத் தேடினார்கள்.

திரும்ப வண்டி இல்லை. வரச் சொல்லியிருந்த டாக்சிக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. லோங்கான் பழத் தோட்டக்காரர் ஒருவர் தம் சிறிய லாரியில் முன்னிருக்கையை மனைவிக்குக் கொடுத்து, என்னைப் பின்னால் காலிக் கூடைகளோடு ஏற்றி சின்யிங் வரை கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன். அவர் மனம் நொந்துபோய், ஒரு பை நிறைய உலர்ந்த லோங்கானைக் கொடுத்து அனுப்பினார்.

அக்டோபர் 7, திங்கள். ஜிபெய்ஷுவா

மறுபடியும் அதே ஊர். இன்று பகலில் 'கடலை நோக்கி அழுதல்'. கடல் தாண்டி வந்த முன்னோருக்குத் திறந்த வெளியில், தரையில் வரிசையாகப் படையல். கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலிலும் பெண்கள் நின்று பாடினார்கள்.

மர நிழலில் பாக்கு மென்றுகொண்டிருந்த ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். "அப்பெக், அந்தப் பாட்டுக்கு என்ன பொருள்?" என்று ஹொக்கியனில் கேட்டேன்.

"சில வரி தெரியும், சில வரி தெரியாது. ஒலியை மாற்றாமல் பாட வேண்டும் என்றுதான் எங்கள் அம்மாக்கள் சொன்னார்கள். நினைத்தபோதெல்லாம் பாடவும் கூடாது, அதற்குரிய காலம் உண்டு."

அவருடைய தாத்தாவின் பெயர் உள்ள ஜப்பானியர் காலக் குடும்பப் பதிவேட்டின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். பெயருக்கு மேலே ஒரு எழுத்து: 'வெந்தது'. ஜப்பானியருக்கு முன் இங்கே ஆண்ட சீனாவின் சிங் பேரரசு பூர்வகுடிகளை அப்படித்தான் பிரித்தது. சீனர் வழக்கத்துக்கு வந்துவிட்டவர்கள் வெந்தவர்கள், மலையில் இருந்தவர்கள் பச்சை. 1895இல் வந்த ஜப்பானியரும் அந்தக் குறியை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார்கள். 1945க்குப் பின் வந்த சீனத் தேசியவாத அரசு மலைவாசிகளைத் தனிப் பட்டியலில் வைத்தது. வெந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்குள் வராமலே போனார்கள். இன்று அரசு ஏற்றுக்கொண்ட பூர்வகுடிகள் 16. சிராயா அதில் இல்லை. தங்களை விலக்கிவைக்கும் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2022 அக்டோபர் 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி, மூன்று ஆண்டுக்குள் மாற்றச் சொன்னது. பெரியவர் நகலோடு நடமாடுவது அதனால்தான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. சிறுவயதில் பள்ளியில் ஹொக்கியன் பேசியதற்காக அவருக்கு அபராதம் போட்டு, கழுத்தில் பலகை மாட்டி நிற்க வைத்தார்களாம். 'நான் வட்டார மொழி பேச மாட்டேன்' என்று எழுதிய பலகை. இராணுவச் சட்டம் 1987இல் நீங்கும் வரை மாண்டரின் தவிர மற்றதெல்லாம் பள்ளிகளில் குற்றம். பாட்டனார் சிராயாவை விட்டு ஹொக்கியனுக்கு வந்தார். பேரன் ஹொக்கியன் பேசியதற்காக அடி வாங்கினார். இவருடைய பேத்தி சற்றுமுன் எங்களுக்குக் குளிர்ந்த தேநீர் கொண்டுவந்தபோது அவரோடு மாண்டரினில்தான் பேசினாள். அவர் ஹொக்கியனில் பதில் சொன்னார். எங்கள் வீட்டில் அம்மா தமிழில் கேட்க, என் மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்வது இப்படித்தான் நடக்கிறது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேநீரைக் குடித்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய். பூலி வழியாக ஏரிக்கு

தைச்சுங்கிலிருந்து பஸ். பூலியில் சில நிமிடம் நின்றது. மேற்குச் சமவெளியில் நிலம் இழந்த பல குடிகள் 1823 முதல் குடியேறிய பள்ளத்தாக்கு இது. அவர்களில் ஒரு குடியான பாசேயின் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் பான் ஜின்-யூ என்ற பாட்டி இங்கேதான் வாழ்ந்தார். 2010இல், 96ஆம் வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் வகுப்பு நடத்தி மொழியைக் கற்றுக்கொடுத்தவர். மாணவர்கள் கற்றிருக்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்து அந்த மொழியில் யாரிடம் என்ன கேட்பது?

அக்டோபர் 9, புதன். சூரிய சந்திர ஏரி

இதா தாவ் படகுத்துறை. தெருவுக்குள் நுழைந்ததும் தினைப் பணியாரம், சுட்ட பன்றிக் குடல் தொத்திறைச்சி, தேநீரில் வேகவைத்த முட்டை. மழை தூறிக்கொண்டே இருந்ததால் கடைக்காரர்கள் நெகிழித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு விற்றார்கள். இங்கே விளையும் கறுப்புத் தேநீர் அஸ்ஸாமிலிருந்து ஜப்பானியர் 1920களில் கொண்டுவந்த செடி. ஒரு கோப்பை 60 டாலர், பால் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

உணவுப் பட்டியலில் 'அதிபர் மீன்' என்று ஒன்று. சியாங் கை-ஷேக்குக்குப் பிடித்ததால் அந்தப் பெயர். ஒரு மீனுக்குக் கேட்ட விலைக்குப் பினாங்கில் குடும்பமே நண்டு சாப்பிடலாம். வேண்டாம் என்றேன். இந்த ஏரிக்கரையின் பூர்வகுடியான தாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வலை வீசிப் பிடித்த மீன், தங்கள் பிள்ளைகளுக்கு மாண்டரினைக் கட்டாயமாக்கிய ஆட்சியாளரின் பெயரில் விற்கப்படுகிறது. யாரும் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை, வியாபாரம் வியாபாரம்தான்.

தாவ் மக்கள் எண்ணூறு பேர் அளவில் இருக்கிறார்கள். 2001இல்தான் தனி இனமாக ஏற்கப்பட்டார்கள். ஜப்பானியர் 1934இல் நீர்மின் திட்டத்துக்காக ஏரியை உயர்த்தியபோது அவர்களுடைய புனித மலையான லாலு பெரும்பகுதி மூழ்கிச் சிறு தீவாயிற்று. ஊரையும் இங்கே மாற்றினார்கள். சுற்றுலாப் படகுகள் லாலுவை வட்டமிட்டுவிட்டுத் திரும்புகின்றன. படகோட்டி வழியெங்கும் ஒலிபெருக்கியில் நகைச்சுவை சொன்னார். எங்களைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

பிளஸ்ட் 2003இல் வெளியிட்ட தாவ் அகராதி ஆயிரம் பக்கத்துக்கு மேல். சராசரியாக ஒரு ஆளுக்கு ஒரு பக்கத்துக்கும் அதிகம். அகராதிக்குப் பஞ்சமே இல்லை இந்த நாட்டில். பாசேக்கு உண்டு, கவலானுக்கு உண்டு. 2017இல் பூர்வகுடி மொழிகள் மேம்பாட்டுச் சட்டம், 16 மொழிகளின் 42 வழக்குகளுக்குப் பாடநூல், தேர்வு, தொலைக்காட்சி. அபராதம் போட்ட அரசே இப்போது பரிசு கொடுக்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இந்தத் தெருவில் நான் காது கொடுத்துக் கேட்ட வரையில் ஒரு முட்டைகூடத் தாவ் மொழியில் விற்கவில்லை.

பணியாரக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். வீட்டில் முன்னோரின் துணிகள் வைத்த கூடை இருக்கிறதாம். ஒவ்வொரு தாவ் வீட்டிலும் இருக்கும். விழா நாளில் பூசாரிப் பெண்கள் அந்தக் கூடைகளின் முன் தாவ் மொழியில் முன்னோரை அழைப்பார்கள். "அவர்களுக்கு மாண்டரின் தெரியாதே" என்றாள். முன்னோரைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

அக்டோபர் 10, வியாழன். ரயில்

தேசிய நாள் விடுமுறை. நடுவே மலை நிற்பதால் ஹுவாலியென் போக தைபே வழியாகச் சுற்ற வேண்டும். உட்கார இடமில்லை. ஒரு கல்லூரிப் பையன் மனைவிக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கையில் குறிப்பேட்டோடு வழியில் அமர்ந்துகொண்டான். அமிஸ் என்ற பூர்வகுடி இனத்தவன், மொழித் தேர்வுக்குப் படிக்கிறானாம். அவன் தங்கையும் எழுதப் போகிறாள்; தேறினால் கல்லூரி நுழைவில் 35 சதவீதம் கூடுதல் மதிப்பெண். "தேர்வுக்குப் பிறகு?" என்றேன். "பாட்டிக்குத் தொலைபேசி போடும்போது கொஞ்சம் பேசுவேன். என் உச்சரிப்பு வானொலி மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள்." சைவ ரயில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. தோட்டக்காரர் கொடுத்த லோங்கான்தான் மதிய உணவு.

அக்டோபர் 11, வெள்ளி. சின்ஷே

மைத்துனன் கவலான் விஸ்கி வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். அது ஒரு மக்களின் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. உலகம் முழுக்கக் குடிப்பவர்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. யீலான் சமவெளி கவலான் மக்களுடையது. 1796இல் வூ ஷா தலைமையில் சீனக் குடியேறிகள் வந்தார்கள். தெற்கே ஹுவாலியெனுக்கு நகர்ந்த கவலான்கள், 1878இல் இன்னொரு பூர்வகுடியான சகிசாயாக்களோடு சேர்ந்து சிங் படையை எதிர்த்துத் தோற்று, கடலோர அமிஸ் ஊர்களுக்கிடையே சிதறினார்கள். 2002இல்தான் தனி இனம் என்ற அங்கீகாரம். சின்ஷே அவர்களுடைய முக்கியக் கிராமம். வயல் படிப்படியாக இறங்கிக் கடலில் முடிகிறது. காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வாழைநார்ப் பட்டறையில் நெசவைப் பார்த்தோம். கைப்பை விலையைக் கேட்டு மனைவி மரியாதையாகத் திருப்பி வைத்தாள். பக்கத்து வீட்டு முற்றத்தில் சக்கர நாற்காலியில் ஒரு கவலான் பாட்டி, அவருக்குக் கால் பயிற்சி கொடுத்தபடி ஒரு இந்தோனேசியப் பணிப்பெண். என் மலாய்க்கு இந்த நாட்டில் வந்த முதல் வேலை. கிழக்கு ஜாவாக்காரி. பாட்டியின் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டே ஜாவானியத்தில் எண்ணுகிறாள். பாட்டி கவலானில் எண்ணுகிறார். ஒன்றும் இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. மூன்றிலிருந்து இருவரும் ஏறக்குறைய சேர்ந்து வருகிறார்கள்: தெலு, துலு, பபத், ஸ்பத், ஐந்து இருவருக்கும் லிமா, ஏழு இருவருக்கும் பிது, எட்டு வோலு, வாலு. ஒன்பதில் பிரிகிறார்கள். பாட்டி ஒன்பதைச் சத்தமாகச் சொல்லி அவளைத் திருத்தினார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"பாட்டி பேரப் பிள்ளைகளோடு என்ன பேசுகிறார்?"

"மாண்டரின். மகனோடு அமிஸும் ஹொக்கியனும். இந்த மொழி என்னிடம்தான். தண்ணீர், வலிக்கிறது, கோழியை விரட்டு, அதை எடு. எனக்குச் சம்பளம் கொடுத்து இதையும் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்று சிரித்தாள்.

சம்பளம் என்றதும் பேச்சு அங்கே திரும்பியது. அவளுக்கு மாதம் 20,000 டாலர். பினாங்கில் வீட்டுப் பணிக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மனத்துக்குள் கணக்குப் போட்டு, "அப்படியானால் நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள். பாட்டி என்னவென்று கேட்க, அவள் எதையோ மொழிபெயர்த்துச் சொன்னாள். பாட்டி என்னைப் பார்த்துக் கையை விசிறி ஏதோ சொன்னார்; பணிப்பெண் அதை எனக்கு மலாயில் சொல்ல மறுத்துவிட்டாள். பஸ் இருபது நிமிடம் தாமதம். மனைவி திரும்பப் போய் அந்தக் கைப்பையை வாங்கிக்கொண்டு வந்தாள்.